சான் அன்டோனியோவில் என்ன இருக்கிறது என்று கேட்டாயே

அன்புள்ள தம்பிக்கு, அம்மா எழுதுவது.

போனில் பேசும்போது, "அங்கே என்னம்மா இருக்கு, அலமோவும் ஆத்தோரத்து ஓட்டல்களும்தானே" என்றாய். டெக்சஸில் நம் ஊரான இங்கே வேலை கிடைத்திருக்கிறது, ஆனால் சம்பளம் நீ இப்போது இருக்கும் சிகாகோவை விடக் குறைவு என்று தயங்குகிறாய். முடிவு உன்னுடையது. ஆனால் இந்த ஊரில் சம்பளம் குறைவாக இருப்பது இன்று நேற்று வந்ததல்ல. ஸ்பானியப் பாதிரியார்கள் கட்டிய பழைய மிஷன்கள் இருக்கும் பூங்காவுக்குத் தன்னார்வலராகப் போகத் தொடங்கிய பிறகுதான் எனக்கு இதெல்லாம் பிடிபட்டது. இங்கே வளர்ந்த பிள்ளை நீ. பள்ளிக்கூடத்தில் உனக்கு அலமோ சண்டையை மட்டும் சொல்லிக் கொடுத்தார்கள். மிச்சத்தை நான் சொல்கிறேன்.

எல்லாம் தண்ணீரில்தான் தொடங்குகிறது. பூமிக்கடியில் சுண்ணாம்புப் பாறைக்குள் தேங்கிய எட்வர்ட்ஸ் நிலத்தடி நீர் ஊற்றாகப் பொங்கித்தான் இந்த ஆறு பிறந்தது. கரையில் இருந்த பயாயா பழங்குடி மக்கள் இந்த இடத்தை யனகுவானா என்றார்கள். 1691 ஜூன் 13, பதுவை அந்தோணியார் திருநாளன்று ஸ்பானியர் இங்கே வந்து சேர்ந்ததால் ஆற்றுக்கு அந்தப் பெயர் வந்தது. 1718 மே மாதம் ஒலிவாரெஸ் என்ற பாதிரியார் சான் அன்டோனியோ தே வலேரோ மிஷனைத் தொடங்கினார். சில நாளிலேயே பக்கத்தில் படைக் காவல் நிலையமும் வந்தது. பின்னால் அலமோ ஆனது அந்த மிஷன்தான். 1720இல் சான் ஹொசே. 1731இல் கிழக்கு டெக்சஸிலிருந்து இடம் மாறி வந்த கொன்செப்சியோன், சான் ஹுவான், எஸ்பாதா. ஆக, ஐந்தும் ஒரே ஆற்றங்கரையில். அதே 1731இல் கேனரி தீவுகளிலிருந்து ஐம்பத்து சொச்சம் பேரை ஸ்பானிய மன்னர் அனுப்பிவைத்தார். அவர்களுக்கு நிலமும் தண்ணீரும் ஊராட்சி உரிமையும் கிடைத்தன. வந்த கொஞ்ச நாளிலேயே மிஷன்களோடு தண்ணீர்த் தகராறு.

மிஷன் என்றால் வெறும் கோயில் என்று நினைத்துவிடாதே. வயல், மாட்டுப் பட்டி, தறி, கொல்லுப்பட்டறை எல்லாம் சேர்ந்த ஒரு பண்ணை அது. கோவாவில்தெக்கன் என்று பொதுப்பெயரில் சொல்லப்படும் பல சிறு பழங்குடிக் குழுக்கள் பசிக்கும் அப்பாச்சி என்ற வேறொரு பழங்குடியினரின் தாக்குதலுக்கும் அஞ்சி உள்ளே வந்தார்கள். அங்கே மணியடித்தால் எழுந்து, மணியடித்தால் வேலைக்குப் போய், மணியடித்தால் ஜெபிக்க வேண்டும். பெரியம்மையும் தட்டம்மையும் கொத்துக் கொத்தாக அவர்களைக் கொண்டுபோயின. இந்த ஊரின் முதல் வாய்க்காலைத் தோண்டியதும் முதல் கல்லைச் சுமந்ததும் அவர்கள்தான். சுற்றுலாக் கூட்டத்திடம் இதைச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

நீ வந்தால் அலமோவுக்கு முன்னால் எஸ்பாதா வாய்க்காலைப் பார்க்க வேண்டும். ஆற்றில் ஒரு அணை கட்டி, நில மட்டத்தின் சரிவை மட்டும் நம்பி, தண்ணீரை வாய்க்காலில் திருப்பியிருக்கிறார்கள். வழியில் ஒரு ஓடை குறுக்கிடுகிறது. அதைத் தாண்ட 1740களில் இரண்டு கல் வளைவு வைத்து ஒரு தொட்டிப்பாலம் கட்டினார்கள். கீழே ஓடை, மேலே வாய்க்கால். இன்றும் தண்ணீர் போகிறது. ஸ்பானியர்களுக்கு இந்த வித்தை அரபு மக்களிடமிருந்து வந்தது. தாத்தா ஊரில் முறைத் தண்ணீர் விட்ட மாதிரியே இங்கும் ஒவ்வொரு வயலுக்கும் இன்ன நேரம் என்று முறை வைத்துத்தான் பங்கிட்டார்கள்.

சான் ஹொசேயில் ஒரு மாவு ஆலை இருக்கிறது. 1790களில் கட்டியது, 1930களில் பழுது பார்த்தது. வாய்க்கால் தண்ணீர் ஒரு குழிக்குள் வேகமாக இறங்கி, படுக்கைவசமாகக் கிடக்கும் மரச்சக்கரத்தின் இறக்கைகளில் மோதும். சக்கரத்தின் அச்சு நேரே மேலே போய் மேல்கல்லைச் சுற்றும். நடுவில் பல்சக்கரம் எதுவும் கிடையாது. சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் கல்லும் ஒரு சுற்று. அது கோதுமைக்காக வந்த ஆலை. உள்ளூர் ஜனங்கள் சாப்பிட்டதோ மக்காச்சோளம். யாருடைய சாப்பாட்டுக்கு யாருடைய உழைப்பு என்பதை அந்த ஆலையே காட்டிவிடுகிறது.

அந்தக் காலத்தில் ஊருக்குள் காசு வந்த வழி ஒன்றுதான்: அரசாங்கச் செலவு. மிஷன்களில் விளைந்த தானியமும் மாடும் படைக்குப் போகும். சிப்பாய்க்குச் சம்பளம் பெரும்பாலும் சரக்காகத்தான் வரும், தளபதி வைத்ததே விலை. அமெரிக்க விடுதலைப் போர் நடந்தபோது லூசியானாவில் இங்கிலாந்தை எதிர்த்த ஸ்பானிய ஆளுநர் கால்வெஸின் படைக்கு இங்கிருந்து ஆயிரக்கணக்கில் மாடுகளை ஓட்டிப் போனார்கள். டெக்சஸ் மாட்டு வியாபாரத்துக்கு இந்த மிஷன் பண்ணைகள்தான் பள்ளிக்கூடம்.

மெக்சிகோவை எதிர்த்த டெக்சஸ்காரர்கள் அலமோவில் தோற்ற 1836 சண்டையை விட்டுவிடுகிறேன், உனக்குத் தெரியும். ஒன்று மட்டும்: படங்களில் பார்க்கும் அலமோவின் அந்த வளைந்த நெற்றிச் சுவர் சண்டையின்போது இல்லவே இல்லை. 1850இல் அமெரிக்க ராணுவம் அதைச் சரக்குக் கிடங்காக்கியபோது கட்டியது. மன்னரின் படை போய் அமெரிக்கப் படை வந்தது. ஊருக்குப் படைதான் படியளக்கிறது என்பது மட்டும் மாறவில்லை. 1877இல் ரயில் வந்தது. பிறகு ராணுவக் கோட்டை, அப்புறம் ராணுவ விமானத் தளங்கள். கெல்லி தளத்தில் விமானப் பழுது பார்த்து எத்தனையோ மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள் வீடு வாங்கின, பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பின. 2001இல் அதை மூடியபோது அந்தக் குடும்பங்கள் வாழும் ஊரின் மேற்குப் பக்கம் அடிவாங்கியது.

தளத்தில் இடம் கிடைக்காதவர்கள் என்ன செய்தார்கள்? ஆற்றோரம் தானாக வளரும் பெக்கான் மரத்தின் கொட்டையை உடைத்தார்கள். கையால் உரித்தால் வாரத்துக்கு இரண்டு மூன்று டாலர். காற்றோட்டமில்லாத கொட்டகை, தூசி, காசநோய். 1938 ஜனவரி 31 அன்று, கூலியை இன்னும் குறைத்ததும், சுமார் 12,000 பேர் வெளிநடப்பு செய்தார்கள். முன்னால் நின்ற எம்மா தெனாயூகாவுக்கு வயது 21. அந்த வருஷமே மணிக்கு 25 சென்ட் என்று குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. முதலாளிகள் இயந்திரத்தை இறக்கி ஆயிரக்கணக்கானவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தப் பெண்ணை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமையும் கோபமும் ஒன்றாக வரும்.

நீ சொன்ன ஆத்தோரத்து ஓட்டல்களும் இதே கதைதான். 1921 செப்டம்பர் வெள்ளத்தில் ஐம்பது பேர் போல இறந்தார்கள், பெரும்பாலும் மேற்குப் பக்கத்து ஏழைகள். ஆனால் அதன்பிறகு கட்டிய ஒல்மோஸ் அணை காப்பாற்றியது நகர மையத்தை. நடு ஊரில் ஆற்றின் வளைவை மூடிவிடும் யோசனையும் இருந்தது. நல்லவேளை, எதிர்ப்பு வந்தது. 1929இல் ராபர்ட் ஹக்மன் என்ற கட்டடக் கலைஞர் கடைகளும் படிகளுமாக ஒரு திட்டம் கொடுத்தார். 1939 முதல் 1941 வரை மத்திய அரசின் வேலைத் திட்டப் பணத்தில் அது கட்டப்பட்டது. 1968 உலகக் கண்காட்சிக்குப் பிறகு ஓட்டல்கள் வரிசையாக வந்தன. அந்தக் கண்காட்சிக்காக ஒரு குடியிருப்பையே இடித்தார்கள். இன்று அந்த ஓட்டல்களில் படுக்கை மாற்றுபவர்கள் யார், பாத்திரம் கழுவுபவர்கள் யார் என்று நீயே பார்.

ஊற்றுகூட முன்போல இல்லை. ஆழ்துளைக் கிணறுகள் பெருகியதால் வறட்சி வந்தால் தலை ஊற்று வற்றிவிடும். நடு ஊரில் ஓடுவதில் சுத்திகரித்த தண்ணீரும் கலந்திருக்கிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. கொண்டுவந்து விட்டாவது ஆற்றைக் காப்பாற்றுகிறார்களே என்று எனக்குச் சந்தோஷம்தான். 2013இல் மிஷன்கள் வரை கரையைச் சீர்படுத்தினார்கள், 2015இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

2006 முதல் தென்பக்கத்தில் டொயோட்டா பிக்கப் வண்டிகள் தயாராகின்றன. பெரிய எண்ணெய் நிறுவனமான வலேரோ தன் பெயரையே அந்த முதல் மிஷனிடமிருந்துதான் எடுத்தது. பணம் இல்லாத ஊர் இல்லை இது. அது கீழே இறங்கி வருவதில்தான் தாமதம்.

அதனால் உன் சம்பளப் பேச்சுக்கு வருகிறேன். "இங்கே வாழ்க்கைச் செலவு குறைவு, அதனால்தான்" என்று சொல்வார்கள். அதைக் கேட்டுத் தலையாட்டிவிடாதே. படித்திருக்கிறாய், கையில் வேறு வேலை இருக்கிறது. கேட்கிற இடத்தில் நீ இருக்கிறாய். பேசிக் கூட்டிக் கேள். கொடுக்காவிட்டால் சிகாகோவிலேயே இரு, நான் வருத்தப்பட மாட்டேன். கொடுத்தால் வா. வீடு வடக்கே புதுக் குடியிருப்புகளில் மட்டும் தேடாதே, தென்பக்கமும் பார். அப்பா இரண்டு இடம் விசாரித்து வைத்திருக்கிறார். வேலை கொடுப்பவர்கள் என்ன சொன்னார்கள் என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் போன் பண்ணு.

அன்புடன்,
அம்மா