நான்கு மணித் தேநீரைத் திருப்பித் தாருங்கள்: பனியன் கம்பெனி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். சித்திரை பிறந்த கையோடு தாங்கள் ஒட்டிய அறிவிப்பைப் படித்தோம். தேநீரிலுள்ள காஃபின் உடம்பின் நீரை வற்றச் செய்யும் என்பதால், தொழிலாளர் நலன் கருதி மாலை 4 மணித் தேநீர் நிறுத்தப்படுவதாக அதில் கண்டிருந்தது. பத்தாண்டுகளாகப் பவர்டேபிள் எனும் தையல் பிரிவில் உட்கார்ந்திருக்கும் எனக்கு, என் சிறுநீரகத்தின் மேல் நிர்வாகத்துக்கு இவ்வளவு அக்கறை உண்டென்பது அன்றுதான் தெரிந்தது.

காஃபின் சிறுநீரைச் சற்றே கூட்டும் என்பது உண்மைதான். சிறுநீரகம் உப்பைத் திரும்ப உறிஞ்சுவதை அது குறைப்பதால் உப்போடு நீரும் வெளியேறுகிறது. ஆனால் நாள்தோறும் குடித்துப் பழகிய உடம்பில் அந்த வேகம் தணிந்துவிடும். 2014இல் வெளியான பர்மிங்காம் பல்கலைக்கழக ஆய்வில், காப்பிப் பழக்கமுள்ள 50 ஆண்களுக்கு ஒரு சுற்றில் 3 நாட்கள் தினமும் 200 மில்லி வீதம் 4 கோப்பை காப்பியும், மற்றொரு சுற்றில் அதே அளவு தண்ணீரும் கொடுத்துப் பார்த்ததில், உடலின் நீர்நிலையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. தேநீரில் காஃபின் காப்பியைவிடக் குறைவு. நம் கேண்டீன் தேநீரில் தேயிலை எவ்வளவு என்பதைத் தாங்களே அறிவீர்கள்.

வறட்சிக்குக் காரணம் தேடுவதானால் ஓவர்லாக் தையல் மிஷின் வரிசைக்கு வாருங்கள். அங்கே 30 பெண்களுக்குக் கழிப்பறை செல்ல ஒரே டோக்கன், சூப்பர்வைசர் மேசையருகே ஆணியில் தொங்குகிறது. போனவர் திரும்பி வந்து அதை மாட்டும்வரை அடுத்தவர் எழ முடியாது. என் பக்கத்து மிஷின் அக்கா கொண்டுவரும் ஒரு லிட்டர் பாட்டில், சாயங்காலம் முக்கால்வாசி நிறைந்தபடியே வீடு திரும்புகிறது. கேட்டதற்கு, "குடிச்சாப் போகோணும் கண்ணு, போனாப் பீசு போயிருமே" என்றார். தேநீருக்கு விடும் அந்தப் பத்து நிமிடத்தில் மட்டும் டோக்கன் கேட்பாரில்லை. தாங்கள் நிறுத்தியது தேநீரை மட்டுமன்று.

தேநீர் இருந்தால் தண்ணீர் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. குடிநீர் கழிப்பறையிலிருந்து 6 மீட்டருக்குள் இருக்கலாகாது என்றும், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் வெயில் காலத்தில் அதைக் குளிர்வித்துத் தர வேண்டும் என்றும் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சொல்லியிருந்தது. முந்நூறு பேர் தைக்கும் நம் ஷெட்டிலோ கேன் கழிப்பறைச் சுவரை ஒட்டியே நிற்கிறது. அதுவும் 11 மணிக்குள் காலியாகிவிடும். இத்தனைக்கும் அலுவலக அறைக்குள் போகும் காப்பித் தட்டு ஒருநாளும் நின்றதில்லை. அங்குள்ளோரின் சிறுநீரகம் வேறு வகை போலும்.

வரம்பு மீறியிருந்தால் பொறுத்தருள்க. 4 மணித் தேநீரையும் அதற்குரிய பத்து நிமிடத்தையும் திருப்பித் தருமாறும், கேனை இடம் மாற்றி மாலை வரை நிரப்பி வைக்குமாறும், அந்த டோக்கனை ஆணியிலிருந்து கழற்றுமாறும் பணிவுடன் வேண்டுகிறேன். பதிலை அதே பலகையில் ஒட்டினால் போதும்.

இப்படிக்கு,
பவர்டேபிள் பிரிவுத் தொழிலாளி,
திருப்பூர்