மஞ்சள் நோட்டீஸ் கொடுப்பதற்கு முன்னால்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடன் தாங்காமல் நீதிமன்றத்தில் நொடிப்பு மனு போட்டவர்களைப் பற்றிய அறிவிப்புகள் தங்கள் நாளிதழின் உள்பக்கங்களில் சிறு கட்டங்களாக வருவதை ஒன்று விடாமல் படிப்பவன் நான். முப்பத்தோரு ஆண்டுகள் வங்கிக் கவுண்ட்டரின் உட்புறம் அமர்ந்திருந்தவன் என்பதால், ஒவ்வொரு கட்டத்துக்கும் பின்னால் இருக்கும் பாஸ்புக் எப்படிப்பட்டது என்று ஊகிக்க முடிகிறது. "மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிட்டான்" என்று ஊர் ஒரே வரியில் பேசி முடித்துவிடுகிறது. ஆனால் அந்த மனுவால் ஒருவருக்கு எவ்வளவு பாதுகாப்பு கிடைக்கும் என்பது, மனுப் போடும் நாளைவிட, அதற்கு முந்தைய மாதங்களில் அவர் தம் கணக்குகளை எப்படிக் கையாண்டார் என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் அமைகிறது.

எங்கள் தெருவில் இரண்டு விசைத்தறிகளை வைத்துக் கூலிக்கு நெய்துகொண்டிருந்த ஒருவர், சென்ற ஆண்டு தறிகளை விற்றுவிட்டு நூற்பாலை ஒன்றில் ஃபிட்டராகச் சேர்ந்தார். சம்பளக் கணக்கு, அவர் தறிக்குக் கடன் வாங்கியிருந்த அதே வங்கியில். ஒரு மாலை பாஸ்புக்கோடு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். ஒன்றாம் தேதி 18,400 ரூபாய் வரவு. அதே தேதியில், அடுத்த வரியிலேயே, 17,900 ரூபாய் கடன் கணக்குக்குப் பற்று. அதன் கீழே, வேறொரு நிதி நிறுவனத்தின் தவணை பணமில்லாமல் திரும்பியதற்கான அபராதம். மாதம் முழுக்கக் குடும்பம் நடத்த அவரிடம் இருந்தது நூற்றுச் சொச்சம்.

தவணை தவறிய கடனுக்கு, அதே வாடிக்கையாளர் தம்மிடம் வைத்திருக்கும் இருப்பை ஈடுகட்டிக்கொள்ளும் உரிமை வங்கிக்கு உண்டு. அதை நானே என் மேசையிலிருந்து பலமுறை செய்திருக்கிறேன். ஆனால் இதே கடனுக்கு நீதிமன்றத்தில் டிகிரி (தீர்ப்பாணை) வாங்கி ஒருவர் சம்பளத்தை ஜப்தி செய்ய வந்திருந்தால், சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவின்படி முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட்டிருக்க முடியாது. அந்தக் கணக்கின்படி 18,400 ரூபாயில் 12,600 ரூபாய் வீட்டுக்கு வந்திருக்கும். நீதிமன்றமே விட்டுவைக்கும் பணத்தைக் கணினி ஒரே நிமிடத்தில் எடுத்துக்கொண்டது. கடன் இல்லாத வேறொரு வங்கியில் கணக்குத் திறந்து, சம்பளத்தை அதில் போடுமாறு ஆலை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்திருந்தால் இது நேர்ந்திருக்காது. அதில் சட்டவிரோதம் எதுவுமில்லை. அந்தப் புதிய கணக்கையும் பிற்பாடு மனுவில் மறைக்காமல் குறிப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

அவர் செய்த மற்ற இரண்டு காரியங்கள் இதைவிட வில்லங்கமானவை. தறி விற்ற பணத்தில் மைத்துனரிடம் வாங்கிய இரண்டு லட்சம் கைமாற்றை முதலில் அடைத்தார்; வீட்டுமனையை மனைவி பெயருக்குச் செட்டில்மெண்ட் எழுதிவைத்தார். உறவு கெடக்கூடாது, குழந்தைகளுக்கு ஒரு கூரையாவது மிஞ்ச வேண்டும் என்பதைத் தவிர அவர் மனத்தில் வேறொன்றும் இல்லை என்பதை நான் நம்புகிறேன். ஆனால் சென்னைக்கு வெளியே இன்றும் நடைமுறையில் இருக்கும் 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம், மனுவுக்கு முந்தைய மூன்று மாதங்களுக்குள் கடன் கொடுத்த ஒருவருக்கு மட்டும் சாதகமாகச் செய்யும் பட்டுவாடாவையும், மனுவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் விலை பெறாமல் சொத்தை மாற்றிக் கொடுப்பதையும் நொடித்தவரின் சொத்தைக் கையாள நீதிமன்றம் நியமிக்கும் ரிசீவர் ரத்து செய்யவைக்க இடம் தருகிறது. மோசடி எண்ணத்தோடு கணக்கை மறைத்ததாகத் தெரிந்தால் ஓராண்டு வரை சிறையும் உண்டு. கடன் கொடுத்தவரையும் வாங்கியவரையும் 'கடன்காரர்' என்ற ஒரே சொல்லால் அழைக்கும் நம் வழக்கத்தை இந்தச் சட்டம் ஒரு வகையில் மெய்யாக்கிவிடுகிறது: பணத்தைத் திரும்பப் பெற்ற மைத்துனர், அதை ரிசீவரிடம் திருப்பிக் கட்ட வேண்டிய கடன்காரராகிவிடக்கூடும்.

மனு எதையெல்லாம் காக்காது என்பதையும் முன்கூட்டி யாரும் சொல்வதில்லை. அடகு வைத்த நகையை விற்றுக்கொள்ளும் உரிமை வங்கியிடமே இருக்கும். ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் தப்ப முடியாது. தொகை எழுதாமல் கையெழுத்திட்டுக் கொடுத்த காசோலை திரும்பினால் வரும், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு வழக்கு குற்ற வழக்கு. அது தனியாக நடக்கும். மறுபுறம், கட்டிய துணியும் சமையல் பாத்திரமும் தொழிலுக்கான கருவிகளும், மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக்கூடாத அணிகலனும் ஜப்திக்கு உட்படாது. தாலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மனுப் போட வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். சட்டம் கேட்காததை அவர்கள் கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

இவ்வளவு பழைய சட்டத்தை நம்பி இருக்க வேண்டிய நிலையே முதலில் வந்திருக்கக் கூடாது. 2016இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திவால் சட்டத்தில் தனிநபர்களுக்கென்று மூன்றாம் பகுதி ஒன்று இருக்கிறது. 2019 டிசம்பர் 1 முதல் அது நிறுவனக் கடன்களுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும் அமலாக்கப்பட்டது. தறிக்காரருக்கும் மளிகைக்கடைக்காரருக்கும் இன்னும் எட்டவில்லை. எட்டினாலும், ஏழைகளின் கடனைத் தள்ளிவிட்டுப் புதிதாகத் தொடங்க வழிசெய்யும் அதன் அத்தியாயத்தில், ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கு மிகாமலும், சொத்து 20,000 ரூபாய்க்கு மிகாமலும், தள்ளுபடிக்குத் தகுதியான கடன் 35,000 ரூபாய்க்கு மிகாமலும் இருக்க வேண்டும், சொந்த வீடும் இருக்கக் கூடாது என்று எழுதிவைத்திருக்கிறார்கள். எங்கள் பகுதியில் மகளிர் குழுக் கடன் ஒன்றே அந்த 35,000ஐத் தாண்டிவிடும். வரம்புகளை இன்றைய விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தி, மூன்றாம் பகுதியைச் சாதாரணக் கடனாளிகளுக்கும் மத்திய அரசு அமலுக்குக் கொண்டுவர வேண்டும்.

அதுவரை தங்களிடம் ஒரு சிறிய வேண்டுகோள். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவச வழக்கறிஞர் உதவி பெறச் சட்டத்தில் இடமிருக்கிறது. எங்கள் தெருக்காரருக்கு ஆலை வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே அந்த உரிமை இருந்தும், செட்டில்மெண்ட் பதிவாகி ஐந்து மாதம் கழித்துத்தான் அது அவருக்குத் தெரியவந்தது. நொடிப்பு மனு அறிவிப்புகள் அச்சாகும் பக்கத்தின் அடியில், சட்டப்பணிகள் ஆணையத்தின் உதவி எண் 15100 என்பதை ஒரு வரியாகச் சேர்த்து வெளியிட இயலுமா என்று தாங்கள் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
குமாரபாளையம்.