சிறுநீரகவியல் பயிற்சி மருத்துவர் வட்டம்: 2024–25 செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, உறுப்பினர் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நமது வட்டத்தின் 2024–25ஆம் ஆண்டு அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். அறிக்கையின் பெரும்பகுதி, சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனையும் டயாலிசிஸின் அளவையும் கணக்கிடும் பயிற்சியைப் பற்றியதாகவே இருக்கும். இவ்வாண்டு நாம் அதிகம் உழைத்ததும், அதிகம் தடுமாறியதும் அதில்தான்.

கைப்பேசிச் செயலியில் எண்களை இட்டவுடன் விடை வந்துவிடுகிறது. அது எந்தச் சூத்திரத்தின் விடை, எந்த அலகில் உள்ளது என்று முதல் கூட்டத்தில் கேட்கப்பட்டபோது, என்னையும் சேர்த்துப் பலருக்கும் உடனே சொல்லத் தெரியவில்லை. ஆகவே செயலியைத் திறக்குமுன் தாளில் கணக்கிட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

அன்று எடுத்துக்கொண்ட மாதிரிக் கணக்கை இங்கே பதிவு செய்கிறேன். 62 வயதுப் பெண். எடை 40 கிலோ, உயரம் 148 செ.மீ., இரத்தக் கிரியேட்டினின் (தசையில் உண்டாகிச் சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) டெசிலிட்டருக்கு 1.4 மி.கி. வயது, பாலினம், கிரியேட்டினின் ஆகியவற்றைக் கொண்ட 2021ஆம் ஆண்டின் சி.கே.டி.-எபி சூத்திரப்படி ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் நிமிடத்துக்கு வடிகட்டும் அளவு) சுமார் 43 மி.லி. என வருகிறது. ஆனால் அது 1.73 சதுர மீட்டர் உடற்பரப்புக்கு உரிய அளவு. இவருடைய உடற்பரப்போ ஏறத்தாழ 1.28 சதுர மீட்டர்தான். அதற்கேற்ப மாற்றினால் நிமிடத்துக்கு 32 மி.லி. ஆகிறது. எடையையும் கணக்கில் கொண்டு கிரியேட்டினின் கிளியரன்ஸை (நிமிடத்துக்குக் கிரியேட்டினின் நீக்கப்படும் இரத்த அளவு) மதிப்பிடும், 1976இல் வெளிவந்த காக்கிராஃப்ட்–கால்ட் சூத்திரமோ 26 என்கிறது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் எனாக்ஸாபரின் மருந்தின் சிகிச்சை அளவை இரு வேளையிலிருந்து ஒரு வேளையாகக் குறைக்கும் எல்லை, கிரியேட்டினின் கிளியரன்ஸ் 30க்குக் கீழ். செயலி காட்டிய 43ஐ மட்டும் நம்பியிருந்தால் மெலிந்த இந்த உடலுக்கு மருந்து இரட்டிப்பாகப் போயிருக்கும். தசை குறைந்தவர்களிடம் கிரியேட்டினின் உற்பத்தியே குறைவு என்பதால், வடிகட்டும் திறன் உண்மையைவிட நன்றாக இருப்பதுபோல் தெரியும். நம் புறநோயாளிகள் பிரிவில் இத்தகைய உடல்வாகு அன்றாடக் காட்சி. இயன்றவரை, தசையின் அளவை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின் சி என்ற இரத்தப் பரிசோதனையையும் கேட்டுப் பெறுமாறு உறுப்பினர்களை வேண்டுகிறேன்.

இரண்டாவதாக டயாலிசிஸ் போதுமானதா என்பதை, யூரியா எவ்வளவு நீங்கியது என்பதைக் கொண்டு அளக்கும் கே.டி./வி. கணக்கைப் பயின்றோம். 50 கிலோ எடையுள்ளவருக்கு 4 மணி நேர டயாலிசிஸில் 3 லிட்டர் நீர் எடுக்கப்படுகிறது. யூரியா 150இலிருந்து 60 ஆகக் குறைந்தால், இதைக் கணக்கிடும் டாகிர்டாஸ் சூத்திரப்படி விடை 1.16. முடிவில் அதே யூரியா 45 என்று பதிவானால் 1.49. குறைந்தபட்சம் 1.2 வேண்டும் என்ற நிலையில், போதாத சிகிச்சை தாளில் போதுமானதாக மாறிவிடுகிறது. முடிவில் டயாலிசிஸ் இயந்திரத்தின் இரத்தப் பம்பு வேகத்தை நிமிடத்துக்கு 100 மி.லி.க்குக் குறைத்து, சுமார் 15 விநாடி பொறுத்து மாதிரி எடுக்காவிட்டால், இயந்திரத்தில் சுத்தமாகித் திரும்பும் இரத்தம் கலந்து இப்படிப் பொய்யாகக் குறைந்த யூரியா வரக்கூடும். அத்தகைய பதிவேடு ஒன்றை உறுப்பினர் ஒருவர் கொண்டு வந்து காட்டியபோது, எங்களுக்கு மிகுந்த வருத்தமாக இருந்தது. சூத்திரத்தைப் பழுதின்றிப் போட்டவர்கள்கூட இரத்தம் எடுக்கும் முறையைக் கவனிக்கவில்லை. இப்பயிற்சியில் டயாலிசிஸ் தொழில்நுட்பர்களையும் சேர்த்துக்கொள்வது அவசியம் என்பது என் உறுதியான கருத்து.

படிப்புப் பொருள்களைப் பொறுத்தவரை, கட்டணமின்றிக் கிடைக்கும் கே.டி.ஐ.ஜி.ஓ. என்ற பன்னாட்டுச் சிறுநீரக அமைப்பின் 2024 வழிகாட்டுதலில் மருந்தளவு பற்றிய பகுதியைப் பகுதி பகுதியாகப் படித்து முடித்தோம். கிரியேட்டினின் லிட்டருக்கு மைக்ரோமோல் என்ற அலகில் வந்தால், மி.கி.க்கு மாற்ற 88.4ஆல் வகுக்க வேண்டும் என்பது முதலான குறிப்புகளும், தீர்த்த கணக்குகளும் கொண்ட கையெழுத்து நோட்டு ஒன்று வட்டத்தின் அலமாரியில் இருக்கிறது. அது நன்கு புழங்குகிறது. ஓரங்களில் திருத்தங்கள் எழுதியவர்களுக்கு நன்றி.

சிறுநீர் சோடியம் வெளியேற்ற விகிதம், குழந்தைகளின் ஜி.எஃப்.ஆர். கணக்கிடும் ஷ்வார்ட்ஸ் சூத்திரம் ஆகிய இரண்டையும் நேரமின்மையால் தொட முடியவில்லை. வரும் ஆண்டின் முதல் இரு கூட்டங்களை அவற்றுக்கு ஒதுக்கவும், தொழில்நுட்பர்களை அழைக்கவும் அனுமதி கோரி, இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்