வாசகர் வட்டச் செயலாளரின் ஆண்டறிக்கை: அரசுப் பொருட்காட்சிப் புகைப்படத் தொகுப்பு

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள், இதழ்ச் சந்தா, சிறுவர் வாசிப்பு ஆகியவை வழக்கம்போல் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைக்கிறார். இந்த அறிக்கை, நூலகத்தில் உள்ள அரசுப் பொருட்காட்சிப் புகைப்படங்களை எண்மமாக்கும் பணியை மட்டும் பேசுகிறது. ஸ்கேன் செய்துவிட்டால் வேலை முடிந்தது என்ற எண்ணம் உறுப்பினர்கள் பலருக்கு இருக்கிறது. உண்மையில் அது பாதி வேலைகூட இல்லை. எந்த ஆண்டு, எந்த ஊர், எந்த அரங்கு என்ற குறிப்பு இல்லாத படம் பெட்டிக்குள் கிடந்தாலும் கணினிக்குள் கிடந்தாலும் தேடுகிறவர் கைக்கு வராது.

முதலில் ஸ்கேன். 8 x 10 அங்குல பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 600 புள்ளி போதும். சுமார் 6 செ.மீ. அகலமுள்ள 120 பிலிமின் சதுர நெகட்டிவுக்கு 2400 வைக்கிறோம். பக்கத்துக்குச் சுமார் 5,300 பிக்சல் வரும். 16 பிட் கறுப்பு வெள்ளையில், நாங்கள் மூலமாக வைக்கும் டிஃப் கோப்பு ஒன்று 56 எம்.பி. ஆகும். 35 மி.மீ. பிலிமுக்கு 4000 தேவை. அதைச் சாதாரண மேசை ஸ்கேனரில் எடுப்பதில் பயனில்லை. பெட்டியின் மேல் 6400 என்று அச்சிட்டிருந்தாலும் அந்த ஸ்கேனர்கள் உண்மையில் பிடிக்கும் விவரம் அதில் பாதிக்கும் குறைவு. எனவே 35 மி.மீ. சுருள்களைத் தனி பிலிம் ஸ்கேனர் கிடைக்கும்வரை நிறுத்தி வைத்திருக்கிறோம்.

தன்னார்வலர்கள் கவனிக்க வேண்டியவை சில. கறுப்பு வெள்ளை நெகட்டிவுக்கு அகச்சிவப்புத் தூசி நீக்கியை அணைத்துவிட வேண்டும். பிலிமில் உள்ள வெள்ளி அகச்சிவப்புக் கதிரை மறைப்பதால், மென்பொருள் படத்தையே தூசி என்று எண்ணி அழித்துவிடும். பிலிமின் பளபளப்பான பக்கம் கண்ணாடியைத் தொட்டால் வானவில் வளையங்கள் விழும். பிலிமைச் சட்டத்தில் பொருத்தி, கண்ணாடியில் படாமல் உயர்த்தி வைத்தால் விழாது. 1970களின் வண்ணப் பிரிண்டுகள் பல, நீலச்சாயம் மங்கிச் சிவப்பேறிப்போய் இருக்கின்றன. மூலக் கோப்பு அந்தச் சிவப்போடேதான் இருக்க வேண்டும். நிறத் திருத்தம், கூர்மை, வெட்டுதல் எல்லாம் பார்வைக்கான ஜேபெக் நகலில் மட்டும். இன்றைய ரசனைக்குத் திருத்திய மூலத்திலிருந்து பழைய நிலையை மீட்க வழியே கிடையாது.

சில பிலிம் பெட்டிகளைத் திறந்ததும் வினிகர் நெடி அடித்தது. அசிடேட் பிலிம் சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளியேறும், அது பக்கத்துப் பிலிமின் சிதைவையும் விரைவுபடுத்தும். அந்தப் பெட்டிகளைத் தனி அறைக்கு மாற்றி, அவற்றையே முதலில் ஸ்கேன் செய்தோம். சுருங்கி வளைந்த பிலிமை எந்தச் சட்டத்திலும் பொருத்த முடியாது, ஆகவே அவை காத்திருக்கக் கூடாது. பூஞ்சை பிடித்தவற்றை ஈரத்துணியால் துடைப்பது பெரும் தீங்கு. பூஞ்சை தின்ற ஜெலட்டின், அதாவது படத்தைத் தாங்கும் பூச்சு, நீரில் கரையும். படமும் துணியோடு வந்துவிடும். காற்றின் ஈரப்பதத்தை 50 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவந்து, உலர்ந்த பிறகு மென்தூரிகையால் தட்டினால் போதும். ஐப்பசி, கார்த்திகையில் சிலிக்கா ஜெல்லை அடிக்கடி சூடாக்கி உலர்த்தாவிட்டால் அதை பீரோவில் வைத்தும் பயனில்லை.

இனி, ஆண்டைக் கண்டுபிடிக்கும் பணி. இந்த ஆண்டு உழைப்பில் பெரும்பகுதி இதற்கே போனது, போனதும் சரியே. பொருட்காட்சிப் படத்தில் எங்கு பார்த்தாலும் பலகைகள் இருக்கும், அவையே சாட்சி. நுழைவுக் கட்டணம் நயா பைசாவில் எழுதியிருந்தால் 1957 ஏப்ரலுக்கும் 1964 ஜூனுக்கும் இடைப்பட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம். அணா என்றிருப்பதை வைத்து 1957க்கு முந்தியது என்று முடிவு கட்டக் கூடாது, புதுக்காசு வந்த பிறகும் அணாக் கணக்கு சில காலம் புழங்கியது. மாநிலப் பெயர் தமிழ்நாடு என்று சட்டப்படி மாறியது 1969 ஜனவரி 14இல். ஆனால் சட்டமன்றத் தீர்மானம் 1967 ஜூலையிலேயே நிறைவேறியதால், பெயரை மட்டும் கொண்டு அந்த இடைக்காலத்தை வெட்டிப் பிரிக்க இயலாது. அண்ணாவின் மாலையிட்ட படம் அரங்கின் முகப்பில் இருந்தால் 1969 பிப்ரவரி 3க்குப் பிந்தியது என்பது பெரும்பாலும் சரியாக இருக்கும். முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின். டி.என். 01 என்பதுபோல் டி.என்.னை அடுத்து இலக்கம் வரும் வண்டி எண் தெரிந்தால் 1989க்கு முன்னால் போக முடியாது.

எழுத்துச் சீர்திருத்தத்தை வைத்துக் காலம் சொல்லும்போதுதான் அதிகம் தவறுகிறார்கள். 1978 அரசாணைக்குப் பிந்திய வடிவில் ‘லை’, ‘னை’ எழுதிய அரசுத் துறைப் பலகை, படம் அந்த ஆண்டுக்குப் பிந்தியது என்பதற்கு நல்ல சான்று. துதிக்கை போன்ற வளைவுள்ள பழைய ‘லை’யோ எதற்கும் சான்றாகாது. தனியார் கடைகளுக்கு எழுதிய ஓவியர்கள் கைப்பழக்கத்தை விடாமல் பல ஆண்டுகள் அப்படியே எழுதினார்கள். ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் ‘இதற்கு முன் அல்ல’, ‘இதற்குப் பின் அல்ல’ என்று இரண்டு ஆண்டுகளும், அவற்றுக்கான சான்றும் தனித்தனிக் கட்டங்களில் பதிவாகின்றன. நினைவில் சொன்னது, உறையில் எழுதியிருந்தது, படத்திலேயே தெரிவது ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. நெகட்டிவை இடம் வலமாக மாறும்படி திருப்பி ஸ்கேன் செய்தாலும் பலகை எழுத்து காட்டிக் கொடுத்துவிடும். எழுத்தே இல்லாத படத்தில் பிலிமின் ஓர எண்ணைப் பார்க்க வேண்டும்.

தேடலில் வந்த சிக்கல் ஒன்றைச் சொல்ல வேண்டும். ‘பொருட்காட்சி’ என்று தட்டினால் தொகுப்பில் பல பதிவுகள் வராமல் போயின. முதல் எழுத்தான ‘பொ’வின் உயிர்க்குறியைச் சிலர் ஒரே குறியாகவும், சிலர் ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் உள்ளிட்டிருந்தார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. எங்கள் தேடுபொறிக்கு வேறு. இப்படி இருவிதமாக உள்ளிட்டதை ஒரே வடிவாக்கும் யூனிகோடின் என்.எஃப்.சி. முறைக்கு எல்லாப் பதிவுகளையும் மாற்றியதும் இது சரியானது. காலுக்குப் பதில் ‘ர’ தட்டிய இடங்கள் இந்த மாற்றத்தில் அகப்படா. அவற்றை ஆள் பார்த்துத் திருத்திக்கொண்டிருக்கிறோம். கண்காட்சி, எக்ஸிபிஷன் என்று தேடுகிறவர்களுக்காக அச்சொற்களையும் குறிச்சொல்லாகச் சேர்த்துள்ளோம்.

கோப்புகளுக்கு மூன்று நகல்கள் உள்ளன. இரண்டு வேறுவேறு வன்தட்டுகளில், மூன்றாவது வேறு கட்டடத்தில். ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 சரிபார்ப்பு எண் எடுத்து வைத்திருக்கிறோம்; கோப்பில் சிறிது மாறினாலும் இந்த எண் மாறிவிடும். நகலெடுத்தவுடன் ஒருமுறையும், பின்னர் ஆண்டுக்கு ஒருமுறையும் ஒப்பிட வேண்டும். பதிப்புரிமையைப் பொறுத்தவரை, அரசு வெளியிட்ட படங்களுக்கு வெளியான மறு ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் காப்பு உண்டு. அந்தக் காலம் தாண்டியவை பொதுப் பார்வைக்குத் திறந்துள்ளன. மற்றவையும், ஸ்டூடியோக்கள் எடுத்தவையும் எழுத்துமூலம் அனுமதி கிடைக்கும்வரை நூலகத்துக்குள் மட்டுமே பார்க்கக் கிடைக்கும்.

வரும் ஆண்டில் உறுப்பினர்களின் வீட்டு ஆல்பங்களில் உள்ள பொருட்காட்சிப் படங்களையும் சேர்க்கச் செயற்குழு தீர்மானித்துள்ளது. பசைத்தாள் ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைத் தயவுசெய்து பிய்க்காதீர்கள். சட்டமிட்டுக் கண்ணாடியோடு ஒட்டிப்போனவற்றையும் பிரிக்க வேண்டாம்; அப்படியே கொண்டுவாருங்கள், கேமராவால் நகலெடுத்துக் கையோடு தந்துவிடுகிறோம். படத்தின் பின்புறம் பால்பாயின்ட் பேனாவால் எழுத வேண்டாம், மை அடுத்த படத்தில் பதியும். தெரிந்த விவரங்களை, யார் சொன்னது என்பதையும் சேர்த்து, தனித்தாளில் எழுதித் தாருங்கள். உரிமையாளர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்ட பின்னரே படம் தொகுப்பில் ஏறும். படிவம் நூலக இரவல் மேசையில் கிடைக்கும்.

இங்ஙனம்,
செயலாளர்