வண்டைக் கவிழ்த்துப் பார்

சோழவந்தான்

அன்பு மாப்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த சேதி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே ரெண்டு மழை பெய்ததும் தென்னந்தோப்பில் வண்டு வர ஆரம்பித்துவிட்டது.

நீ பிடித்த வண்டுக்குக் கொம்பு குட்டை, அதனால் காண்டாமிருக வண்டு இல்லை என்று எழுதியிருக்கிறாய். அவசரப்படாதே. பெட்டைக்குக் கொம்பு சின்னதுதான். புழுவாக இருந்தபோது நல்ல தீனி கிடைக்காத ஆணுக்கும் கொம்பு சிறுத்துவிடும். வண்டைக் கவிழ்த்து வயிற்று நுனியைப் பார். செம்பட்டை மயிர் அடர்ந்திருந்தால் பெட்டை. அப்புறம் உணர்கொம்பு, அதாவது தலையில் மீசை மாதிரி இருக்கும் ரெண்டு உறுப்பு: அதன் நுனியில் சின்னச் சின்னத் தகடுகள் விசிறி மாதிரி விரியும். சாணி வண்டுக்கும் அதே விசிறி உண்டு, ரெண்டும் ஒரே குடும்பம். கொம்பை நம்பி ஏமாறலாம், குடும்பத்தைச் சொல்வதில் விசிறி ஏமாற்றாது.

போன வாரம் கோதுமை மாவில் சிவப்பாகப் பொடி வண்டுகள். சலித்துக் கொட்டப்போனவளை நிறுத்தி, பேத்தியின் நுண்ணோக்கியில் ஒன்றை வைத்துப் பாதக் கணுக்களை எண்ணினேன். முன்னங்காலிலும் நடுக்காலிலும் ஐந்தைந்து, பின்னங்காலில் நாலு. 5-5-4 என்ற இந்தக் கணக்கு மாவு வண்டின் குடும்பத்துக்கு ஒரு முக்கியமான அடையாளம். எண்ணி முடித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம், மாப்ள.

அரிசி வண்டு வேறு. அதற்கு முகம் மூக்காக நீண்டிருக்கும், உணர்கொம்பு முழங்கை போல மடங்கும். தென்னையைத் துளைத்துக் குருத்தைச் சாய்க்கும் சிவப்புக் கூன்வண்டுக்கும் அதே மூக்கு, அதே முழங்கை. ஒன்று அரிசிமணிக்குள் அடங்குவது, மற்றது கட்டைவிரலில் பாதி நீளம், ஆனாலும் நெருங்கிய சொந்தம். பானையில் இருப்பதும் தோப்பில் இருப்பதும் பங்காளிகள் என்பதை இத்தனை வருஷம் தென்னை வைத்தும் நான் அறியவில்லை.

கண்மாய்க்கரைக் கருவேலத்தில் பொன்வண்டு பிடித்துத் தீப்பெட்டியில் வளர்த்தோமே, அதன் பச்சையைத் தவிர வேறு எதைப் பார்த்தோம்? அதன் உணர்கொம்பில் ரம்பப் பல் மாதிரி வரிசை இருக்கும்.

உன் வண்டைத் தூக்கி எறிந்துவிடாதே. வயிற்று நுனியையும் உணர்கொம்பையும் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பு. தீபாவளிக்கு வரும்போது ஒரு நாள் கூடுதலாகத் தங்கு, தோப்பில் விளக்கு வைத்து ராத்திரி உட்காரலாம்.

அன்புடன்,
செல்லையா