ரீல் இல்லாத ஒரு வருடம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வழக்கம்போலப் பின்வரிசையை முதலில் நிரப்பிவிட்ட மற்ற உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

தூண்டில்காரன் ரீல் விடுவான் என்று ஊருக்குள் ஒரு பேச்சு உண்டு. இந்த வருடம் அதற்கு வழியில்லாமல் போய்விட்டது. தூண்டில் நரம்பைச் சுற்றி வைக்கும் ரீலே நம் கம்பில் கிடையாது. சென்ற பொதுக்குழுவில், டீ ஆறிப்போகும் அளவுக்கு வாக்குவாதம் செய்த பிறகு, சங்கப் பணத்தில் தென்காரா என்ற ஜப்பான் தூண்டில் கம்புகள் நான்கு வாங்குவதென்று தீர்மானம் போட்டோம். தென்காரா என்றதும் "தென்காசிப் பக்கமா?" என்று கேட்டவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். அந்த நான்கில் மூன்று இன்று முழுசாக இருக்கின்றன. நான்காவதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

புதிய உறுப்பினர்களுக்காகச் சுருக்கமாக ஒரு விளக்கம். ஜப்பான் மலையோடைகளில் இவானா, யமாமே, அமாகோ மீன்களைப் பிடித்து, சத்திரங்களுக்கு விற்றுப் பிழைத்தவர்களின் முறை இது. ஒரு கம்பு, அதன் நுனியில் கட்டிய நரம்பு, நரம்பின் முனையில் இறகு சுற்றிய முள். தக்கை இல்லை, ஈயம் இல்லை, இரை இல்லை. 2009-இல் டேனியல் கல்ஹார்டோ என்பவர் அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு கம்பெனி தொடங்கினார். முதுகுப்பையோடு நடப்பவர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். "எங்கப்பா கண்மாயில போட்ட மூங்கில் தூண்டில்தானே இது, இதுக்குத் தீர்மானம் வேறயா?" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். முக்கால்வாசி சரிதான். ஜப்பானில் தூண்டில் நரம்பைத் தெகுசு என்கிறார்கள். நம் கரையில் தங்கூசி. இரண்டையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

மீதிக் கால்வாசி, எடையில் இருக்கிறது. மூங்கிலுக்குப் பதில் கார்பன் குழாய்கள், ஒன்றுக்குள் ஒன்று செருகியவை. விரித்தால் 12 அடி, மடித்தால் 60 சென்டிமீட்டருக்குள். எடை 100 கிராம்கூட வராது. தண்ணீர் பாட்டில் வைக்கும் பையோரத்தில் செருகிவிடலாம்.

எடை ஏன் இவ்வளவு முக்கியம் என்பது ஆற்றங்கரை கிராமத்தில் தொடங்கி அரியமான் கடற்கரை வரை நடந்த இரண்டு நாள் நடையில் எல்லோருக்கும் புரிந்தது. முன்பெல்லாம் ஆளுக்கு ஒரு ரீல் கம்பு, ஈயக்கட்டி டப்பா, மதியத்துக்குள் நாறிப்போகும் இறால் பொட்டலம் என்று சுமந்தோம். இந்த முறை இருவருக்கு ஒரு கம்பு. அதோடு அட்டையில் சுற்றிய நரம்பு, தீப்பெட்டி அளவு டப்பாவில் பத்து முள், ஒரு நகவெட்டி, முள்ளைக் கழற்ற ஒரு சின்னக் குறடு. இதையெல்லாம் நான் வீட்டு மளிகைத் தராசில் வைத்துப் பார்த்தேன். கால் கிலோவைத் தாண்டவில்லை. மிச்சமான எடை எங்கே போயிற்று என்றால், குடிதண்ணீருக்கு. ராமநாதபுரம் கடற்கரையில் நடப்பவனுக்கு ஆளுக்கு நாலு லிட்டர், அதாவது நாலு கிலோ, இல்லாமல் ஆகாது. வழியில் ஊற்று தோண்டினாலும் உப்புக் கரிக்கும். ஜப்பான்காரன் ஓடைத் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்துக்கொண்டே மலையேறுவான். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இரவு ஒரு உறுப்பினரின் சொந்தக்காரர் பனந்தோப்பில், அனுமதி கேட்டுப் படுத்தோம்.

முள் கட்டும் பயிற்சி தலைவர் வீட்டுத் திண்ணையில் நடந்தது. இதுதான் இந்த வருடத்தின் சிறந்த நிகழ்ச்சி என்பது என் கட்சி. ஜப்பானில் இந்த முள்ளுக்குக் கெபாரி என்று பெயர். கறிக்கடையில் கேட்டு வாங்கிய நாட்டுச் சேவலின் கழுத்து இறகு, கறுப்புத் தையல் நூல், 12-ஆம் எண் முள், இவ்வளவுதான் பொருள். தையற்கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர், முள்ளை இடது கைப் பெருவிரல் நகத்துக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்தார். நூலை ஒழுங்காக, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் சுற்றி உடம்பு கட்டினார். பிறகு இறகை முள்ளின் காதருகே மூன்று சுற்று சுற்றி, மயிர்கள் முள் முனையைப் பார்க்காமல் முன்னால், காதைப் பார்த்துச் சாயும்படி அழுத்தி முடிச்சிட்டார். தலைகீழாகக் கட்டிவிட்டார் என்று நாங்கள் சிரித்தோம். அதுதான் சரியான கட்டு. சகாசா கெபாரி என்பார்கள், தலைகீழ் முள் என்று பொருள். தலைவர் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். அதில் விட்டு நரம்பை மெல்லச் சுண்டினால் இறகு குடைபோல விரிந்து சுருங்குகிறது. விட்டால் உயிருள்ள பூச்சி மாதிரியே நிற்கிறது. அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

வீசுவது கஷ்டமில்லை. முழங்கையை விலாவோடு வைத்து, கம்பைக் கடிகாரத்தின் 10 மணிக்கும் 12 மணிக்கும் நடுவில் ஆட்டி, முன்னால் வரும்போது சட்டென்று நிறுத்த வேண்டும். பலம் போட்டால் நரம்பு தலையில் விழும். ஓடையில் நீரோட்டம் முள்ளைக் கொண்டுபோகும். நம் வடகடல், அதாவது பாக் விரிகுடா, ஓரத்தில் அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும், இரண்டு சுண்டு, ஒரு நிறுத்தம் என்று. நிறுத்தும்போதுதான் முரல் மீன் வந்து அடிக்கும். அலகு எலும்பு மாதிரி இருப்பதால் முள் தைக்காமல் பத்தில் ஏழு தப்பிவிடும். தைத்தாலும் துள்ளிக் கழற்றிக்கொள்ளும். சிறு பாரை, கீச்சான் கிடைத்தன. பேத்தை நரம்பையே கடித்துவிட்டுப் போனது. மடவை கூட்டமாக வந்து முள்ளைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது, மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் மாதிரி.

காற்றைப் பற்றி ஒரு பாடம் கற்றோம். முள்ளுக்கும் நரம்புக்கும் எடையே இல்லாததால் எதிர்க்காற்றில் இந்தத் தூண்டில் சுத்தமாக உதவாது. வாடை அடிக்கும் மாதத்தில் அரியமானில் நின்று வீசி, நரம்பைத் தம் சட்டையிலேயே மாட்டிக்கொண்டவர்கள் மூவர். கரையில் வலை தைத்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் எங்களை வெகு நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, அது என்ன, ஏரியல் கம்பா?" என்று கேட்டார். பிறகு அவரே, "வாடையில தென்கடலுக்குப் போங்க. கச்சான்ல இங்க வாங்க. காத்து முதுகுல இருக்கணும்ல?" என்றார். வாடை வடக்கிலிருந்து அடிக்கும், கச்சான் தென்மேற்கிலிருந்து. புத்தகம் எதுவும் சொல்லாத விஷயம். அடுத்த வாரமே தென்கடல் கரையான புதுமடத்தில் வாடையை முதுகில் வாங்கி வீசினோம். நரம்பு தானே நீண்டு போய் விழுந்தது. இனி நடைகளின் அட்டவணை இந்தக் கணக்கில்தான் போடப்படும்.

இப்போது நான்காவது கம்பு. ரீல் இல்லாத தூண்டிலில் மீன் இழுத்தால் விட்டுக்கொடுக்க நரம்பு இல்லை. அதனால் கடைசி மூன்று அடிக்குக் கம்பைவிடச் சீக்கிரம் அறுகிற மெல்லிய நரம்பு கட்ட வேண்டும், 0.15 மில்லிமீட்டர் போதும். பெரிய மீன் வந்தால் நரம்பு அறும், கம்பு பிழைக்கும். இதைக் கூட்டத்தில் எல்லோருக்கும் விளக்கியவன் நான். பாரை ஆசையில் 0.30 கட்டியவனும் நான்தான். என்ன வந்து மாட்டியது என்று கண்ணால் பார்க்கவில்லை. கம்பு வில்லாக வளைந்தது, 'பட்'டென்று ஒரு சத்தம், நுனியிலிருந்து மூன்றாவது துண்டு போய்விட்டது. மாற்றுத் துண்டின் விலையை நான் கட்டிவிட்டேன், ரசீது பொருளாளரிடம் இருக்கிறது. ஆனால் இணையத்தில் விற்ற கடை முதலில் அளவு பொருந்தாத துண்டை அனுப்பி, திருப்பி எடுக்க ஒன்றரை மாதம் இழுத்தடித்தது. சரியான துண்டு இன்னும் வந்தபாடில்லை.

மற்றபடி கம்பு வைத்திருப்பவர்கள் கவனிக்க: விரிக்கும்போது நுனித் துண்டிலிருந்து, மடிக்கும்போது அடித் துண்டிலிருந்து. முள் பாறையில் சிக்கினால் கம்பை வளைத்து இழுக்காமல் மடித்துவிட்டு நரம்பைக் கையால் இழுங்கள். வீடு திரும்பியதும் அடிமூடியைத் திருகிக் கழற்றி, துண்டுகளை உருவி, நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காய வையுங்கள். ஒரு சொம்பு போதும். உப்புப் பூத்துவிட்டால் துண்டுகள் ஒன்றோடொன்று இறுகிக்கொள்ளும். கார்பனில் மின்சாரம் பாயும், ஆகவே மின்கம்பிக்குக் கீழும் இடி இடிக்கும்போதும் கம்பை விரிக்கவே கூடாது. ஓரா மீனின் முள் குத்தினால் தாங்கும் சூட்டு வெந்நீரில் கையை வையுங்கள், வீரம் காட்ட வேண்டாம்.

மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகள் பக்கம் தூண்டிலோடு போகக் கூடாது என்ற நம் விதி தொடர்கிறது. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைகள் சரணாலயங்களுக்கும் அதே விதி. குத்தகைக் கண்மாய்களில் குத்தகைக்காரரைக் கேட்காமல் முள் போடக் கூடாது. ஆமை முட்டையிடும் மாதங்களில் கரையில் விளக்கு அடிப்பதில்லை என்று சென்ற வருடம் முடிவு செய்ததை இரண்டு பேர் மறந்துவிட்டார்கள். அவர்களிடம் தனியாகப் பேசியாயிற்று.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் பட்டியலும் அவரிடம்தான் இருக்கிறது, மதியச் சாப்பாட்டுக்கு முன் அதைப் பார்த்துவிடுவது நல்லது.

வரும் ஆண்டுக்கு இரண்டு முன்மொழிவுகள். ஒன்று, வாடை மாதத்தில் புதுமடம் பக்கம் ஒரு இரவு தங்கும் நடை. இரண்டு, பள்ளிப் பிள்ளைகளுக்குத் திண்ணையில் முள் கட்டும் வகுப்பு. சேவல் இறகுக்குக் கறிக்கடைக்காரர் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அறிக்கையை ஏற்று, இவற்றை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்