கொப்பளிப்பு பற்றி, கலாவுக்கு

அன்புள்ள கலா,

பதில் போடாமல் இழுத்தடித்துவிட்டேன், திட்டாதே. அம்மாவின் முழங்கால் தேவலையா? பாபு இன்னும் அந்த ஸ்கூட்டரை விடவில்லையா?

உன் பல் கிளினிக்குக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் கொப்பளிக்க அயோடின் பாட்டில் கொடுத்தனுப்பினால் வீட்டில் கொரோனா வைரஸ் பரவாது என்று எழுதியிருக்கிறாயே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். வேண்டாம்டீ.

2020 ஆகஸ்டில் ஜப்பானின் ஒசாகா ஆளுநர் யோஷிமுரா, அயோடினில் கொப்பளித்தால் கொரோனா குறையும் என்று அறிவித்தார், மருந்துக்கடைகள் காலியாகிவிட்டன. ஆதாரம் 41 நோயாளிகள். தினம் 4 முறை கொப்பளித்தவர்களில் நான்காம் நாள் எச்சில் சோதனையில் பாசிட்டிவ் 9 சதவீதத்துக்குச் சற்று மேல், மற்றவர்களில் 40 சதவீதம். வாயைக் கழுவிவிட்டு எச்சிலையே சோதித்தால் குறையத்தானே செய்யும்? மூக்கின் பின்புறமும் நுரையீரலும் தொடப்படவே இல்லை. உமிழ்நீர்ச் சுரப்பியிலும் வைரஸ் பெருகுவதால் வாய்க்குள் அது மறுபடி வந்துவிடும். கொரோனாவுக்கு முன்பே ஜப்பானில் 387 பேரிடம் ஒரு சோதனை நடந்து 2005இல் வெளிவந்தது. வெறும் தண்ணீரில் கொப்பளித்தவர்களுக்குச் சளித்தொல்லை 36 சதவீதம் குறைந்தது. அயோடின் குழுவில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை!

உன் நாற்காலியில் கதை வேறு. பல் சுத்தம் செய்யும் ஸ்கேலரைத் தொடுவதற்கு முன் வாயில் கிருமி குறைந்தால் போதும். அதற்கு அயோடின் நல்லது. 2% கார்கிள் 5 மில்லியில் 15 மில்லி தண்ணீர் சேர்த்தால் 0.5% ஆகும். அதில் 10 மில்லியை 30 வினாடி வாய்க்குள் சுழற்றச் சொல், மீதி 10 மில்லியைத் தொண்டையில் 30 வினாடி. தொட்டியில் காறித் துப்பவிடாதே, அதிலேயே திவலை தெறிக்கும். கப்பில் மெல்ல உமிழட்டும், அல்லது சக்‌ஷனில் உறிஞ்சிவிடு. கலந்ததை அன்றன்றே தீர்த்துவிடு. தைராய்டு கோளாறு, கர்ப்பம், அயோடின் ஒவ்வாமை மூன்றையும் முதலில் கேள். அவை இருப்பவர்களுக்கு 0.07% சிபிசி (செடைல்பிரிடினியம் குளோரைடு) மவுத்வாஷ் கொடு. வைரஸின் கொழுப்பு உறையை அது உடைக்கும். வாந்தி பேதி தரும், உறையில்லாத நோரோவைரஸிடம் அதன் ஜம்பம் பலிக்காது.

நீ விரும்பும் குளோர்ஹெக்சிடின் ஈறுக்கு அருமையான மருந்து; கொரோனா வைரஸிடம் ஆய்வகத்திலேயே அயோடினுக்குப் பின்னால்தான். ஹைட்ரஜன் பெராக்சைடில் கொப்பளித்தால், அதை எச்சிலில் உள்ள நொதிகளே சிதைத்துவிடும்.

இன்னொன்று. கொப்பளித்த பிறகும் பிசிஆர் சோதனையில் மாற்றமில்லை என்று யாராவது காட்டினால் உடனே நம்பாதே. உறை உடைந்து செத்த வைரஸின் ஆர்என்ஏவையும் அது எண்ணும். செல்லில் வளர்த்துப் பார்த்தார்களா என்று கேள்.

பல்லைச் சுற்றி மாட்டும் ரப்பர் டாம் திரையும் வேகமான சக்‌ஷனும் திறந்த ஜன்னலும் இல்லாமல் கொப்பளிப்பை மட்டும் நம்பி உட்காராதே, கலா. நாள் முழுக்க அந்தக் காற்றைத்தான் நீ சுவாசிக்கிறாய். எனக்குக் கவலையாக இருக்கிறது.

அலமாரியில் இருப்பது 2% கார்கிள்தானா என்று லேபிளைப் பார்த்து எழுது. 7.5% என்றிருந்தால் அது கை கழுவும் ஸ்க்ரப். சோப்பு கலந்தது, வாயில் படவே கூடாது.

அன்புடன்,
வசந்தி